கம்பளிக்கூடு அக்கா

கடைசல்காரரை ஒருவர் முதன்முதலாக அக்கா என்று கூப்பிட்டது ஒரு மீசை விஷயமாகத்தான். அவருடைய மீசை அல்ல. அது நரைத்து, ஓரம் வெட்டி, ஒழுங்காகவே இருந்தது. கேள்வி வந்தது ஒரு கம்பளி நரியின் மீசையைப் பற்றி.

“அக்கா, மீசை தொங்கிப்போகாம விறைப்பா நிக்குதே, எப்படி?” என்று, அவர் ஃபோனில் போட்டிருந்த படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். கடைசல்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். கேள்வி மீசையைப் பற்றியது. எனவே மீசையைப் பற்றிப் பதில் எழுதினார். முடியின் நுனியில் பசை தொட்டு, கன்னத்தில் ஊசியால் சாய்வாகத் துளை போட்டு இறக்கி, காயும்வரை பொம்மையைத் தலைகீழாக வைக்க வேண்டும். கடைசியில், எப்போதும் பட்டறையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதையே சேர்த்துக்கொண்டார்: ‘அவசரப்படாம.’ அக்கா என்ற சொல்லை அவர் பொருட்படுத்தவில்லை. கூட்டத்தில் யாரோ தெரியாமல் காலை மிதித்தால் போகட்டும் என்று விடுவதில்லையா, அப்படி விட்டுவிட்டார்.

விட்டது நிலைத்துவிட்டது.

அவர் ஒரு லேத் பட்டறையில் தண்டும் புஷ்ஷும் கடைபவர். இரும்பை மயிரிழை அளவுக்குச் சீவி, வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை சீவுவதிலேயே அவர் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு ஒரு காலத்தில் இருந்தது, பிறகு தள்ளிப்போனது, பிறகு பேச்சே எடுபடவில்லை. வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை, அவரும்கூட. தம்பி குடும்பம் கீழே, அவர் மாடியில். சாப்பாடு கேரியரில் வரும். மாடிப்படியின் கைப்பிடியில் அதை மாட்டிவிட்டு, தம்பி மனைவி கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் இறங்கி வந்து எடுத்துக்கொள்வார். நல்ல மனிதர்கள்தான். மாடி ஏற நேரமில்லாத நல்ல மனிதர்கள்.

கம்பளி வேலைக்கு அவரை இழுத்துவிட்டவள் தம்பி மகள். அவள் பல் விழுந்து முளைக்கும் வயதில் ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. பனிக்காட்டில் வாழும் சில விலங்குகளின் கதை. மாடியில்தான் பெரியப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்ப்பாள். அதில் வரும் நரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தொடர் அப்படியொன்றும் ஓடவில்லை. அதனால் கடைகளில் பொம்மையும் வரவில்லை. ‘செஞ்சு தர்றேன்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

எப்படிச் செய்வதென்று தேடப்போய்த்தான், ஆட்டு ரோமத்தை ஊசியால் குத்திக் குத்தியே உருவம் கொண்டுவரலாம் என்று தெரிந்தது. தையல் ஊசி அல்ல. ஓரங்களில் பொடிப்பொடியாக வெட்டு விழுந்த ஊசி. ஒவ்வொரு குத்துக்கும் நாலு இழையை உள்ளே இழுத்துப்போய் மற்ற இழைகளோடு சிக்கவைக்கும். பஞ்சு மிட்டாய் போல இருந்தது குத்தக் குத்த இறுகி, கடைசியில் ரப்பர் போல நிற்கும். குத்தியது கெட்டியாகும், விட்டது மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அவ்வளவில் ஒரு நரியும் வந்துவிடாது. முதல் நரி உருளைக்கிழங்குக்குக் காது வைத்தது போல இருந்தது. இரண்டாவதற்குள் கட்டுக்கம்பியை வைத்தார், கால் மடங்க வேண்டும் என்று. மழைக்காலத்தில் கம்பி துருப்பிடித்து, நரியின் முழங்காலெல்லாம் காவி படர்ந்தது. பிறகு அலுமினியக் கம்பிக்கு மாறினார். கம்பியின் மேல் ரோமம் சுழன்று வழுக்காமல் இருக்க நூல் சுற்றக் கற்றார். எலும்பு இருக்கும் இடத்தில் நன்றாகக் குத்தி, மூட்டு வரும் இடத்தில் குத்தைக் குறைத்துக்கொள்ளக் கற்றார். யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன பொம்மைகளை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

“ஆட்டையே வாங்கிக் கட்டியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம், மாமா” என்பாள் தம்பி மனைவி, படியில் உதிர்ந்த ரோமத்தைப் பெருக்கிக்கொண்டே. பட்டறை முதலாளி அவர் விரல்களைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, முள்ளம்பன்றிகூடக் குடித்தனமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி பட்டறையில் ஒரு வாரம் ஓடியது.

நரி சரியாக வந்தபோது தம்பி மகள் வளர்ந்துவிட்டிருந்தாள். பார்த்து, “அய்யோ, அப்படியே இருக்கு பெரியப்பா” என்று சொல்லி, அலமாரியில் வைத்துவிட்டு, டியூஷனுக்குப் போனாள். ஆனால் ஒரு காரியம் செய்தாள். அவர் ஃபோனில் ‘கம்பளிக்கூடு’ என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, படம் போடச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பழைய தொடரை இன்னும் மறக்காதவர்களின் குழு ஒன்றில் சேர்த்தும் விட்டாள். பிறகு படிக்க வெளியூர் போய்விட்டாள்.

அந்தக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவர் மழைக்கோழி, ஒருவர் வாலறுந்தவன். நிறுத்தப்பட்டுப் பல வருடமான தொடரில் ஓநாய் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் அடித்துக்கொள்வார்கள். மீசை பற்றிக் கேட்டவள் பெயர் அரைத்தூக்கம்.

அவள் ஒரு தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். முதலில் ஊசி, ரோமம், சாயம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், “சாப்டீங்களாக்கா?” என்று கேட்டாள். கடைசல்காரர் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேரியர் வரும் வீட்டில் அதை யாரும் கேட்க வேண்டியதில்லை. கேரியர் காலியாகக் கீழே போனால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். “ஆச்சு” என்று எழுதினார். “நீ?” என்றும் எழுதினார்.

அதன் பிறகு அவள் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆரம்பித்தாள். புருஷனை விட்டு வந்தவள். பிறந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நாள், “இன்னைக்கு அவர் பட்டறை வாசல்ல வந்து நின்னாருக்கா. நான் பின்பக்கமா போயிட்டேன்” என்று எழுதினாள். அவர் யோசித்து, “பின்பக்கம் விளக்கு இருக்கா?” என்று கேட்டார்.

பதில் வந்தது. “எல்லாரும் ‘நீ என்ன பண்ணினே, ஏன் வந்தே’ன்னுதான்கா கேப்பாங்க. விளக்கு இருக்கான்னு நீங்க மட்டும்தான் கேட்டீங்க.”

தன் பட்டறையில் மதியம் சாப்பிடும் நேரத்தில் ஃபோனை எடுத்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அவள் எழுதாத நாளில் லேத்தின் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. ஒரு தடவை, “இதெல்லாம் ஆம்பளைங்க யார்கிட்டயும் வாயைத் திறக்க முடியாதுக்கா” என்று தொடங்கி, தன் உடம்புக்கு வந்த ஒரு கஷ்டத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்தாள். முதல் வரியோடு அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போனார். கீழே தம்பி வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். திரும்பி வந்து, ‘நான் அக்கா இல்லை’ என்று தட்டினார். அனுப்பினால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்தது. அனுப்பாவிட்டால், அவள் ஓர் அக்காவிடம் கொடுத்ததைத் தான் வாங்கி வைத்துக்கொள்வதாகும் என்பதும் தெரிந்தது. எழுத்து எழுத்தாக அழித்தார். “டாக்டரைப் பாரு. பொம்பளை டாக்டரா பாரு. அவசரப்படாம எல்லாத்தையும் சொல்லு” என்று அனுப்பினார்.

அதுவரை அவர் பொய் என்று எதையும் சொல்லியிருக்கவில்லை. சும்மா இருந்தார், அவ்வளவுதான். அந்தச் சமாதானத்தையும் ஒரு விரலுறை கெடுத்துவிட்டது.

ஊசி குத்தாமல் இருக்கக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் தோலில் உறை போட்டுக்கொள்வது இந்த வேலையில் வழக்கம். பழைய வெல்டிங் கையுறையிலிருந்து வெட்டிய ஏதோ ஒன்றை அவர் வைத்திருந்தார். “நான் தைச்சுத் தர்றேன்க்கா. பட்டறையில நல்ல மெல்லிசுத் தோல் துண்டு விழும். விரல் சுற்றளவு மட்டும் சொல்லுங்க” என்றாள் அரைத்தூக்கம்.

அவர் கட்டைவிரலைச் சுற்றி நூலைப் போட்டார். மை வைத்துக் குறித்தார். நூலை நீட்டி அளந்தார். வந்த அளவு எந்த அக்காவின் கட்டைவிரலுக்கும் உரியதல்ல. முப்பது வருடம் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றிய விரல் அது. அளவில் மயிரிழை கூடினாலும் துண்டைத் தூக்கிக் குப்பையில் போடும் மனிதர், வேறொரு எண்ணை எழுதி அனுப்பினார்.

உறைகள் தம்பி பெயருக்குக் கூரியரில் வந்தன. மெல்லிய பழுப்புத் தோல், உள்பக்கம் தையல் உறுத்தாதபடி மடித்துத் தைத்தது. அவர் கட்டைவிரலில் அது நகத்தோடு நின்றுவிட்டது. “சரியா இருக்காக்கா?” என்று கேட்டாள். “அளவெடுத்த மாதிரி இருக்கு” என்று எழுதினார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தனக்கு ஒரு நீர்நாய் வேண்டும் என்றாள். தொடரில் அந்த நீர்நாய் நாலைந்து தடவைதான் வரும். மற்ற விலங்குகளை ஆற்றைக் கடத்திவிடும், தான் எவரோடும் போகாது. கடைசல்காரர் யாருக்குச் செய்தாலும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டார்: எப்படி வைத்துக்கொள்ளப் போகிறாய், நிற்கவா, உட்காரவா? அதைப் பொறுத்துத்தான் எந்த மூட்டை எவ்வளவு இறுக்குவது என்று அவர் முடிவு செய்வார்.

“படுத்திருக்கணும்க்கா. தலையைத் திருப்பி என்னைப் பாக்கணும்” என்றாள்.

மூன்று பழுப்பையும் ஒரு சாம்பலையும் இரண்டு சீப்புகளுக்கு நடுவே போட்டு இழுத்து இழுத்துக் கலந்து, நனைந்த ரோமத்தின் நிறத்தைக் கொண்டுவரவே அவருக்கு வெகுநாள் பிடித்தது. ரோமத்தை ஒரே திசையில் படியவைத்து, அடி மட்டும் சிக்கும்படி மேலாகக் குத்தினார். கழுத்துக்குக் கம்பியை இரட்டையாக முறுக்கி, முறுக்கைத் தோளுக்குள் புதைத்தார். தோளைப் பிடித்துத் திருப்பினால் கழுத்து உயிருள்ளது போல வளையும். தலையை மட்டும் பிடித்துத் திருகினால் தொண்டையில் ரோமம் பிளந்து கம்பி தெரிந்துவிடும். பழைய உறை கிழிந்துவிட்ட விரல்களில் ஊசி அவ்வப்போது இறங்கியது. ரத்தம் நீர்நாயின் மேல் படாமல் விரலை வாயில் வைத்துக்கொள்வார்.

முடியும் தறுவாயில் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. எல்லோரும் நேரில் சந்திப்பது, ஒரு பள்ளிக்கூட அரங்கில், விடுமுறை நாளில். அரைத்தூக்கம் உடனே எழுதினாள்: “லீவு சொல்லிட்டேன்க்கா. கூரியர் வேணாம், உங்க கையால வாங்கிக்கிறேன்.”

அதே வாரம் தம்பி மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மாடிக்கு வந்தவள் மேசையில் கிடந்த விரலுறையை எடுத்து மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

“யாரு பெரியப்பா எனக்கு இதை அனுப்பினது?”

அவர் சொன்னார். பாதியில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல்.

“அக்காவா? இந்த மீசையோட?”

“மீசையை யாரு பாத்தா?”

“சரி, விடுங்க. நான் வர்றேன். நான்தான் கம்பளிக்கூடு. நீங்க பெட்டி தூக்கிட்டு வந்த பெரியப்பா. ஒரு மணி நேர வேலை. பொம்மையைக் குடுத்துட்டு, கட்டிப்பிடிச்சுட்டு வந்துடுவேன்.”

“அது தப்பு இல்லையா?”

“இவ்வளவு நாள் நடந்தது மட்டும் சரியா பெரியப்பா?”

பதில் இல்லாததைச் சம்மதமாக அவள் எடுத்துக்கொண்டாள். அவரும் எடுத்துக்கொள்ள விட்டார். நேரில் ஒரு தடவை ஓர் அக்காவைப் பார்த்துவிட்டால், பிறகு எப்போதும் போல எழுதிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு கணக்கு அவருக்குள் ஓடியது.

அரங்கில் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அட்டைக் காது மாட்டிக்கொண்டு சிலர் திரிந்தார்கள். தம்பி மகள் விரலுறையை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கடைசல்காரர் பெட்டிகளோடு சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அரைத்தூக்கம் வந்தபோது அவருக்குச் சொல்லாமலே தெரிந்தது. ஒல்லியான, முப்பதைத் தாண்டிய பெண். தோளில் அவளே தைத்த பை. மேசைக்கு வந்ததும் முதலில் உறையைத்தான் பார்த்தாள்.

“அக்கா” என்றாள். “நீங்க இவ்வளவு சின்னவங்களா? என்னைவிடச் சின்னவங்க. நான் இனிமே என்னன்னு கூப்பிடறது?”

“அக்கான்னே கூப்பிடுங்க, பழகிப்போச்சு” என்றாள் தம்பி மகள், சிரித்துக்கொண்டே. அவள் நன்றாகத்தான் நடித்தாள். அரைத்தூக்கம் மேசையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சீக்கிரம் விடவில்லை. காதோரம் ஏதோ சொன்னாள். தம்பி மகளின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. என்ன சொன்னாள் என்று கடைசல்காரருக்குக் கேட்கவில்லை. தனக்குச் சொல்லப்பட்டது என்பது மட்டும் தெரிந்தது. அவர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு நீர்நாயை வெளியே எடுத்தாள் தம்பி மகள். அரைத்தூக்கம் இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள்.

“தலை திரும்புமில்ல?”

“ஓ, நல்லா திரும்புமே. இப்படி…” என்று தம்பி மகள் நீர்நாயின் தலையை இரண்டு விரலால் பிடித்தாள்.

கடைசல்காரர் எழுந்தது அவருக்கே தெரியாது. “தலையைப் பிடிச்சுத் திருப்பக் கூடாது” என்றார். “தொண்டை பிளந்துடும். தோளைப் பிடிச்சுக்கணும். கழுத்தோட சேர்த்து, அவசரப்படாம…” பொம்மை அவர் கைக்கு வந்திருந்தது. தோளை அழுத்தி மெதுவாகத் திருப்பினார். நீர்நாய் தலையை வளைத்து அரைத்தூக்கத்தைப் பார்த்தது.

அவள் நீர்நாயைப் பார்க்கவில்லை. அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். நகத்தைச் சுற்றி, விரல் நுனி முழுக்க, கறுப்புக் கறுப்பாக ஊசித் தடம். உறை தேவைப்பட்ட விரல் எது என்று தோல் தைப்பவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“நீங்களா?” என்றாள்.

“ஆமா.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீ கேட்டிருந்தா…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “இல்ல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீ பேசறதை நிறுத்திடுவியோன்னு பயம்.”

தம்பி மகள் உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பக்கத்து மேசையில் யாரோ ஓநாய் போல ஊளையிட, நாலு பேர் கைதட்டினார்கள்.

“நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“மறந்துடுங்க.”

“சரிம்மா.”

அந்த ‘ம்மா’வை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. நீர்நாயைத் தோளைப் பிடித்து வாங்கி, பைக்குள் படுக்கவைத்து, ஜிப்பைப் பாதிவரை இழுத்துவிட்டு, கூட்டத்துக்குள் போய்விட்டாள். போகும்போது திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

குழுவில் விஷயம் அன்று மாலைக்குள் பரவியது. யாருக்கும் கோபம் வரவில்லை. ‘அக்கா மீசை வச்ச கதை’ என்று மழைக்கோழி எழுத, வாலறுந்தவன் அவருக்குப் ‘பெரியப்பா’ என்று பட்டம் கட்டினான். முன்பைவிட அதிகம் பேர் கேள்வி கேட்டார்கள். எல்லோரும் அவரை மன்னித்துவிட்டார்கள், அவர் யாருக்கு எந்தத் தப்பும் செய்யவில்லையோ அந்த எல்லோரும். அரைத்தூக்கம் குழுவில்தான் இருந்தாள். ஆனால் எதுவும் எழுதவில்லை.

தம்பி மகள் ஊருக்குக் கிளம்பும்போது, “நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும் பெரியப்பா” என்றாள்.

“கழுத்து போயிருக்கும்” என்றார் அவர்.

“கழுத்தா முக்கியம்?” என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, அவளே பேச்சை மாற்றினாள். கிளம்புவதற்கு முன் அன்றைக்கு அரைத்தூக்கம் காதில் சொன்னதைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை எடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். கேரியர் பாதிச் சாப்பாட்டோடு கீழே போக ஆரம்பித்தது. ஒரு நாள் தம்பி மனைவி மாடிக்கே ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “உப்பு கூடிப்போச்சா மாமா?” என்று கேட்டாள். “இல்லம்மா, நல்லா இருந்துச்சு” என்றார். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி முழுக்க நரியும் ஓநாயும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. “ராத்திரி இதுங்களைப் பாத்தா பயமா இருக்காதா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மழை தொடங்கிய பிறகு, ஒரு மதியம், அரைத்தூக்கத்திடமிருந்து ஒரு படம் வந்தது. நீர்நாயின் பின்னங்கால். மடங்கும் இடத்தில் ரோமம் தளர்ந்து, நூல் சுற்றிய கம்பி இலேசாகத் தெரிந்தது. தினமும் யாரோ எடுத்து, மடக்கி, நீட்டி வைத்திருந்தால்தான் அந்த இடம் அப்படித் தளரும். படத்துக்குக் கீழே, “இதை எப்படிச் சரி பண்றது?” என்று இருந்தது. முன்னாலும் பின்னாலும் அழைக்கும் சொல் எதுவும் இல்லை.

கடைசல்காரர் கையை இரண்டு தடவை கழுவித் துடைத்துக்கொண்டு பதில் எழுதினார். அதே பழுப்பில் கொஞ்சம் ரோமம் அனுப்புகிறேன், கம்பியைச் சுற்றி மெல்லிய அடுக்காகப் போட வேண்டும், காலை நீட்டி வைத்துக் குத்தக் கூடாது, மடக்கி வைத்துக் குத்த வேண்டும், கம்பியில் ஊசி இடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

ரோமம் போய்ச் சேர்ந்த மறுநாள் இன்னொரு படம் வந்தது. “சரியா?” என்று கேட்டிருந்தாள். ஒட்டு கொஞ்சம் புடைத்திருந்தது. “உள்பக்கம் இன்னும் கொஞ்சம்” என்றார். மறுபடி படம். இந்த முறை சரியாக இருந்தது. சொன்னார்.

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார், பட்டறை வாசலில் புருஷன் இன்னும் வந்து நிற்கிறானா என்று கேட்க வாய் வரை வந்தது. மறந்துவிடச் சொல்லியிருக்கிறாள். மறந்தவன் கேட்கக் கூடாது. பக்கத்து லேத்தில் வேலை தொடங்கிவிட்டது. அவர் ஃபோனை வைப்பதற்கு முன் இன்னும் ஒரு வரி மட்டும் எழுதினார்.

“குத்தும்போது ஊசி முனை ஒடிஞ்சா, துண்டை உள்ளே விட்டுடாதீங்க. தேடி எடுத்துடுங்க.”

படித்ததற்கான அடையாளம் உடனே விழுந்தது. “சரி” என்று பதில் வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, லேத்தை ஓடவிட்டார்.